குளிர்ப் பிரதேச வீடுகளும் சூரிய வெப்பமும்

கடல் மட்டத்திற்குமேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில், மாரிக்கால இரவுகளில் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 15 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்குவதுண்டு. மரங்கள் அரிதான லடாக்கில் விறகு கிடைப்பது எளிதன்று. மண்ணெண்ணெயோ மலைவழியே வரவேண்டும். விலை ஏறுந்தோறும் ஏழைக் குடும்பங்கள் குளிரால் வாடுகின்றன. ஆயினும் அங்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை.

மாரியில் சூரியன் தென்வானில் தாழ்ந்து செல்வதால், தெற்கு ஜன்னல் வழியே கதிர்கள் அறையினுள் நெடுந்தூரம் பாய்கின்றன. தெற்கில் கனத்த மண்சுவர் எழுப்பி, கருநிறம் பூசி, சிறிது இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்தினால், பகலில் சுவர் ஏற்கும் வெப்பம் மெல்ல ஊடுருவி இரவில் அறையை அடையும். பிரெஞ்சுப் பொறியியலாளர் ஒருவரின் பெயரால் இது டிராம்ப் சுவர் எனப்படும்.

வெப்பத்தைச் சேர்த்தல் மட்டும் போதாது. அது வெளியேறாது காத்தலும் வேண்டும். வடக்கு ஜன்னல்கள் சிறியனவாக இருத்தல், கதவிடுக்குகளை அடைத்தல், கூரைமீது வைக்கோல் பரப்பி மண்ணிடுதல், இரவில் கனத்த திரையிடுதல் ஆகியன செலவு குறைந்த முறைகள்.

ஆனால், மூடிய அறையில் கரி எரித்தல் ஆகாது. அதனின்று எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமுமற்றது. உறங்குவோர் உயிரைக் கவர்வது. களப்பணியாளர் இதனை முதற்கண் எடுத்துரைத்தல் வேண்டும்.

வகுப்பிற்குரிய சோதனை: ஒரேயளவான இரு தகரக் குவளைகளில் சமஅளவு வெந்நீர் ஊற்றுக. ஒன்றைக் கம்பளியால் சுற்றுக, இரண்டையும் மூடிவைக்க. அரைமணிக்குப்பின் வெப்பமானியால் அளந்து, வேறுபாட்டின் காரணத்தை மாணவரையே கூறச் செய்க.