புதிய காணிக்குச் சம்மதிக்குமுன்

விக்டோரியா அணைக்காக 1980களில் பழைய தெல்தெனிய நகரும் அயல் வயல்களும் மூழ்கின. பலர் தொலைவிலுள்ள மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். 2025 நவம்பரில் டிட்வா சூறாவளியால் கண்டி மலைகள் சரிந்தபின், எங்கே குடியமர்வது என்ற கேள்வி மறுபடி எழுந்தது. இடம் காட்டும் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியவை:

1. இது மண்சரிவு அபாய வலயமா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எங்கே?

2. தற்காலிகக் கொட்டிலில் எத்தனை மாதம்?

3. காணி உறுதி யார் பெயரில்? பயிரிட நிலமும் நீரும் உண்டா?

அயல் கிராமத்தார் எதிர்த்தால் பகைக்க வேண்டாம். கிணறும் பாதையும் பாடசாலையும் எல்லோருக்கும் போதுமா என்ற அவர்கள் கேள்வி நம்முடையதும்தான். சேர்ந்தே கேட்போம், பிரதேச செயலகத்தின் பதிலை எழுத்தில் பெறுவோம். கூரை மட்டும் உழவனுக்குச் சோறு போடாது.