முதுமையும் மழலையும் ஒரு நிழலில்

மனித வாழ்வு பிள்ளைப் பருவத்தில் தொடங்கி முதுமையில் நிறைவு பெறுகின்றது. இவ்விரு பருவங்களுக்கும் இடையே வியத்தகு ஒற்றுமை ஒன்று உண்டு. இரண்டும் பிறர் துணையை வேண்டி நிற்பவை. இரண்டிற்கும் பொழுது மிகுதி. குழந்தையிடம் கேட்கும் ஆவல் உள்ளது. முதியவரிடம் சொல்லும் செய்தி உள்ளது. தமிழ்ச் சிறுவர்க்கு முதற்பாடமாக வழங்கிவரும் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் ஔவை என்னும் மூதாட்டியின் பெயரால் வழங்குவதே இவ்வுறவின் பெருமைக்குத் தக்க சான்றாகும்.

பிரிந்துபோன திண்ணை

முன்னர்த் தாத்தாவும் பேரனும் சந்திப்பதற்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. வீட்டுத் திண்ணையே அதற்குப் போதுமானதாக இருந்தது. பிழைப்பை நாடிக் குடும்பங்கள் நகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் பெயர்ந்தபோது அத்திண்ணை பிரிந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயது நிறைந்தோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர். நாட்டு மக்களில் அவர்கள் 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் இவ்வளவு 10.4 விழுக்காடு.

இவர்களுள் பலருக்கு உணவும் மருந்தும் கிடைக்கின்றன; பேச்சுத்துணைதான் கிடைப்பதில்லை. மறுபுறம், பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் இல்லங்களில் மாலைப்பொழுதைத் தனியே கழிக்கும் குழந்தைகள் பலர். ஒரு தெருவில் முதியோர் இல்லமும் அடுத்த தெருவில் அங்கன்வாடியும் இருந்தும், ஒன்றின் குரல் மற்றொன்றின் செவியில் விழுவதில்லை.

சட்டம் தருவதும் தர இயலாததும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கைவிடப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தை அணுகிப் பராமரிப்புத் தொகை பெறுவதற்கு இச்சட்டம் வழிசெய்தது. மாவட்டந்தோறும் குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசு படிப்படியாக அமைக்கலாம் என்றும் அது கூறுகின்றது.

இச்சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்னும் சொல் மகன், மகளோடு பேரன், பேத்தியரையும் குறிக்கும். வயது நிரம்பாத சிறுவர் மட்டும் அதில் அடங்கார். சட்டத்தின் நோக்கில் இது முற்றிலும் பொருத்தமே; சிறுவர்மீது பொருட்கடமையைச் சுமத்துதல் ஆகாது. ஆயினும், இதில் சிந்திக்கத்தக்க உண்மை ஒன்று அடங்கியுள்ளது. வளர்ந்தபின் கடமையைக் கேட்டுப் பெறலாம். அன்பைக் கேட்டுப் பெற இயலாது. அன்பு வேர்விடும் காலம், சட்டம் கடமை எதுவும் விதிக்காத அந்த இளம்பருவமே. அப்பருவத்தில் முதியோரின் கையைப் பிடித்து நடவாத பிள்ளை, பின்னாளில் அனுப்பும் தொகை பராமரிப்பாக இருக்கலாமேயன்றிப் பாசமாகிவிடாது.

பிற நாடுகள் கண்ட வழி

அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு ‘வளர்ப்புத் தாத்தா பாட்டி’ என்னும் பொருள்படும் திட்டம் தொடங்கப்பெற்றது. வருவாய் குறைந்த முதியோர், தனிக்கவனிப்பை வேண்டிய பிள்ளைகளுக்குத் துணையாக அமர்த்தப்பெற்றனர். சிறு ஊக்கத்தொகையும் பெற்றனர். உதவி பெறுபவராகவே எண்ணப்பட்ட ஏழை முதியவர், இதனால் உதவி செய்பவராக உயர்ந்தார். இத்திட்டத்தின் சிறப்பு இதுவே.

ஜப்பானின் டோக்கியோ நகரில் மழலையர் பள்ளியும் முதியோர் இல்லமும் 1976ஆம் ஆண்டு ஓரிடத்தில் இணைக்கப்பெற்றன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், நானூறு முதியோர் வாழும் இல்லம் ஒன்றனுள் 1991ஆம் ஆண்டு குழந்தைகள் காப்பகம் அமைக்கப்பெற்றது. அங்கே ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள், முதியோருடன் சேர்ந்து பாடவும் வண்ணம் தீட்டவும் உணவு பரிமாறவும் பழகினர்.

1980களில் அமெரிக்காவில் கசப்பானதொரு வாதம் எழுந்தது. அரசின் பொருள் முதியோருக்கே மிகுதியாகச் செல்வதால் குழந்தைகள் நலன் குன்றுகின்றது எனச் சிலர் வாதிட்டனர். இவ்வாதத்திற்கு விடையாக, முதியோர் நல அமைப்புகளும் குழந்தைகள் நல அமைப்புகளும் கைகோத்து, 1986ஆம் ஆண்டு ‘ஜெனரேஷன்ஸ் யுனைடெட்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தன. ஒரு தலைமுறையின் நலம் மற்றொன்றின் இழப்பன்று என்பதே அதன் அடிப்படைக் கொள்கை.

ஐக்கிய நாடுகள் அவை 1999ஆம் ஆண்டைப் பன்னாட்டு முதியோர் ஆண்டாக அறிவித்து, எல்லா வயதினர்க்கும் உரிய சமுதாயம் என்பதை அதன் கருப்பொருளாகக் கொண்டது. 2002ஆம் ஆண்டு மாட்ரிட் நகரில் ஏற்கப்பெற்ற செயல்திட்டமும் தலைமுறைகளுக்கிடையேயான ஒருமைப்பாட்டை வலியுறுத்தியது. இந்தியா 1999ஆம் ஆண்டு வெளியிட்ட முதியோருக்கான தேசியக் கொள்கையிலும் இக்கருத்து இடம்பெற்றுள்ளது.

கருத்திற் கொள்ளத்தக்கவை

ஆண்டுக்கொருமுறை பழமும் போர்வையும் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வது உறவாகாது. வாரந்தோறும் அதே குழந்தை அதே முதியவரைக் காணுதல் வேண்டும். பெயர் தெரிந்து, குரல் பழகி, வராத நாளில் தேடும் நிலை வருதலே உறவு.

முதியோரை ஊதியமற்ற பணியாளராகக் கருதுதலும் தவறு. ஓய்வை விரும்புவோருக்கு ஓய்வே உரியது. விருப்பமுள்ளோரே இப்பணியில் ஈடுபடுதல் நன்று. குழந்தைகளின் பாதுகாப்புக் கருதிப் பொறுப்பாளர் ஒருவர் எப்பொழுதும் உடனிருத்தல் இன்றியமையாதது. சளி, காய்ச்சல் உள்ள குழந்தைகளை அந்நாளில் அழைத்துச் செல்லலாகாது. முதியோர் உடல் அதனைத் தாங்காது. செவிப்புலன் குறைவு, மறதி ஆகியவை இகழ்ச்சிக்குரியன அல்ல என்பதையும் பிள்ளைகளுக்கு முன்னரே எடுத்துரைத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

புதிய அங்கன்வாடிக்கும் முதியோர் இல்லத்திற்கும் இடம் தேர்வோர், அவற்றை அருகருகே அமைக்கலாம். அதற்குத் தேவை பெரும்பொருளன்று, முன்யோசனையே. பள்ளித் தலைமையாசிரியரும் இல்லப் பொறுப்பாளரும் கலந்துபேசி, வாரத்தில் ஒரு மணிநேரத்தை இதற்கென ஒதுக்கலாம். பல்லாங்குழி, பரமபதம், கோலம், கீரை வகைகளின் பெயர், ஊரின் பழைய வரலாறு எனக் கற்பிக்க முதியோரிடம் எவ்வளவோ உண்டு. செய்தித்தாள் படித்துக்காட்டவும், கைப்பேசியில் தொலைவிலுள்ள மகனுடன் பேச உதவவும் சிறுவரால் இயலும். இதில் கொடுப்பவர், பெறுபவர் என்னும் வேறுபாடு இல்லை.

இல்லங்களிலும் இதனைத் தொடங்கலாம். தாத்தா, பாட்டியுடன் வாழும் பேறு பெற்ற பிள்ளைகள் அவர்களோடு ஒருவேளை உணவேனும் சேர்ந்து உண்ணுமாறு பெற்றோர் பழக்குதல் வேண்டும். அப்பேறு இல்லாதோர், அண்டை வீட்டில் தனித்திருக்கும் முதியவரை நாடலாம்.

இன்று முதியவரின் அருகே அமர்ந்து கதை கேட்கும் குழந்தை, நாளை முதுமையைக் கண்டு அஞ்சாது. முதியோரைச் சுமையென்றும் எண்ணாது. பெரியோர்கள் இதனை உளங்கொண்டு, தத்தம் இல்லத்திலும் ஊரிலும் இவ்விரு தலைமுறையினரையும் ஒரு நிழலில் அமர்த்துவார்களாக!