கோப்புச் சேவையகத்தின் திறனை அளவிடும் முறை

தேசிய மீக்கணிப்பு இயக்கம் 2015-ஆம் ஆண்டில் ரூ. 4,500 கோடி மதிப்பீட்டில் தொடங்கப்பட்டது. அதன்கீழ் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் 2022-இல் 'பரம் பிரவேகா' நிறுவப்பட்டது. அதன் உச்ச வேகம் 3.3 பெட்டாஃபிளாப்; அதாவது, நொடிக்கு 3,300 லட்சம் கோடி கணக்கீடுகள். இத்துடன் 4 பெட்டாபைட் சேமிப்பு வசதியும் உண்டு. இத்தகைய அமைப்புகளில் கணக்கிடும் வேகமே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால், தரவு உரிய நேரத்தில் வந்து சேராவிடில் விலைமிக்க செயலிகள் வேலையின்றிக் காத்திருக்கும். எனவே, தரவை வழங்கும் கோப்புச் சேவையகத்தின் திறனையும் அளந்தறிவது அவசியமாகிறது.

பாவனைச் சுமை

ஒருவர் ஒரு கோப்பைப் படியெடுக்கும் நேரம் இதற்குச் சரியான அளவாகாது. ஒரே வேளையில் பலர் கோப்புகளைப் படிப்பதும், எழுதுவதும், உருவாக்குவதும், அழிப்பதுமே உண்மையான சுமை. 'நெட்பெஞ்ச்' என்னும் சோதனையை முறையாக நடத்த 60 முதல் 150 கணிப்பொறிகள் வரை தேவைப்பட்டன. ஆஸ்திரேலிய நிபுணர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் இயற்றிய 'டிபெஞ்ச்' என்ற நிரல், அச்சோதனையின் கோப்புச் செயல்களைப் பதிவிலிருந்து மீண்டும் நிகழ்த்தி, ஒரே கணிப்பொறியைப் பல பயனர்களைப்போல் இயங்கச் செய்தது. 'ஸ்பெக்' அமைப்பு 1993-இல் எஸ்.எஃப்.எஸ். என்ற பொது அளவுகோலை வெளியிட்டது.

முடிவை ஆராய்தல்

சுமையைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் நொடிக்கு நிறைவேறும் செயல்களையும், அவற்றுக்கான மறுமொழி நேரத்தையும் குறித்தல் வேண்டும். ஒரு நிலைக்குமேல் செயல்களின் எண்ணிக்கை உயராது. காத்திருப்பு மட்டுமே நீளும். அதுவே சேவையகத்தின் எல்லையாகும்.

சோதனைக் கோப்புகள் முழுவதும் நினைவகத்தில் அடங்கிவிட்டால், அளக்கப்படுவது நினைவகத்தின் வேகமேயன்றி வட்டின் வேகமன்று. மேலும், சுமையின் தன்மைக்கேற்ப முடிவும் மாறும். 2017-இல் முதற்பட்டியலை வெளியிட்ட 'ஐ.ஓ.500' இதனாலேயே எளிய சோதனை, கடிய சோதனை என இரண்டையும் நடத்துகிறது. முன்னதில் சேமிப்பு அமைப்புக்கு ஏற்ற வகையில் தரவு எழுதப்படுகிறது. பின்னதிலோ எல்லாச் செயல்முறைகளும் ஒரே பொதுக் கோப்பில் சிறு சிறு துண்டுகளாக எழுதுகின்றன.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

சிறு ஆவணங்கள் பல்லாயிரம் கொண்ட அலுவலகத்தின் தேவை வேறு. வானிலைக் கணிப்பு மையத்தின் தேவை வேறு. ஆகவே, பயனர் எண்ணிக்கை, கோப்புகளின் அளவு, ஏற்கத்தக்க மறுமொழி நேரம் ஆகியவற்றை ஒப்பந்தப்புள்ளியிலேயே வரையறுத்து, பொருளை ஏற்குமுன் அதே சுமையில் சோதித்தறிதல் வேண்டும். விற்பனையாளர் தரும் உச்ச எண்ணை மட்டும் நம்பி வாங்கினால், பொதுப்பணம் செலவாகும், பணியோ விரைவுறாது.