மீட்ட சின்ன நாய்க்கு நல்ல வீடு தேட...

கடலூர் சில்வர் பீச்சிலோ, சிதம்பரம் தேர் வீதிகளிலோ, ஒரு பொமரேனியனோ அதன் கலப்போ திக்குத் தெரியாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தெருநாய்களோடு சேரவும் தெரியாது, போட்ட சோற்றுக்குப் போட்டி போடவும் தெரியாது. அதைத் தூக்கி வந்தால் பாதி வேலைதான் முடிந்தது. கேட்ட முதல் ஆளிடம் கொடுத்துவிடாமல், சரியான ஆளுக்காகப் பொறுத்திருப்பது மீதிப் பாதி.

1. முதலில் அது யாருடைய நாய் என்று தேடுங்கள். கழுத்து முடியை விலக்கிப் பாருங்கள். பட்டை கட்டியிருந்தால் வளையமாக முடி தேய்ந்திருக்கும். நகம் நீண்டு வளைந்திருந்தால், தெருவில் ஓடித் தேயாத வீட்டு நாய். வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடி வந்ததாகவும் இருக்கலாம். படத்தோடு டீக்கடையிலும், மருந்துக்கடையிலும், கால்நடை மருத்துவமனையிலும் சொல்லி வையுங்கள். உடம்பில் உள்ள ஓர் அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாதீர்கள். 'என் நாய்' என்று வருபவர் அதைச் சொல்லட்டும்.

2. வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டு வாரம் தனியே வையுங்கள். நாய்க்கு நாய் தொற்றும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தட்டு, துணி எல்லாம் தனி. பயந்த நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சின்ன நாய்தானே என்று விடாதீர்கள்.

3. சொறிக்கு வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில், மண்ணெண்ணெய், கற்பூரம் கரைத்த எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதுவும் வேண்டாம். நாய் உடம்பை நக்கும், அது அப்படியே வயிற்றுக்குள் போகும். குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, வெறிநோய்த் தடுப்பூசி மூன்றுக்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். ஊசி போட்ட அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். புது வீட்டுக்கு நாயோடு போக வேண்டியது அது.

4. குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழி போதும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகாது. நம் வீட்டுப் பாராசிட்டமாலும் கொடுக்கக் கூடாது.

5. கருத்தடை செய்தபின் கொடுப்பதே நல்லது. கருத்தடை ஆகாத பெண் பொமரேனியன் என்றால் குட்டி விற்பவர்கள் தேடி வருவார்கள். அதற்குப் பிறகு அதன் வாழ்வு ஈற்றுக்கு ஈற்று ஒரு கூண்டுக்குள்தான். வயதோ உடம்போ இடம் கொடுக்காவிட்டால், எந்த மாதத்தில் செய்வது என்று வாங்குபவரிடம் எழுதி வாங்குங்கள்.

6. குறையை மறைக்காதீர்கள். பல் விழுந்திருந்தால், வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் பழக்கம் இருந்தால், குழந்தைகளைக் கண்டு உறுமினால் முன்பே சொல்லிவிடுங்கள். தெரிந்து எடுப்பவர் வைத்துக்கொள்வார். ஏமாந்து எடுத்தவர் இரவோடு இரவாக பைபாஸில் இறக்கிவிடுவார்.

7. யாருக்குக் கொடுப்பது? இதில்தான் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். அண்ணாமலை நகரில் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் ஆசையாகத்தான் கேட்பார்கள். பாசமும் பொய்யில்லை. ஆனால் படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போகும் பிள்ளையின் வீட்டில் நாய்க்கு இடம் உண்டா? அந்தப் பிள்ளையின் அம்மாவிடமே போனில் பேசிவிடுங்கள். பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணைக் காவலுக்குக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மடியில் வளர்ந்த நாய், வெயிலில் சங்கிலியோடு கிடந்து குரைக்கத் தாங்காது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை நேரில் கேளுங்கள். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் பெரியவர்கள் இருவர் மட்டும் என்ற குடும்பங்களில் இந்த நாய்கள் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவர்களுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்று ஒரு பெயர் வாங்கி வையுங்கள். எந்த வீடானாலும், தினமும் சோறு வைக்கப்போகும் ஆள் யாரோ அவருடைய சம்மதம்தான் முக்கியம்.

8. 'இலவசம்' என்று எழுதாதீர்கள். தடுப்பூசிச் செலவை ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கே தயங்குகிறவர் நாளைக்கு மருத்துவரிடம் கூட்டிப் போக மாட்டார்.

9. வீட்டைப் போய்ப் பாருங்கள். கேட்டின் கம்பி இடைவெளியில் சின்ன நாய் நுழைந்துவிடுமா, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று கவனியுங்கள். நம் மாவட்டத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: வெள்ளம் வந்தால் நாய் எங்கே? 2011 தானே புயலையும், 2015 மழையையும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகி வந்ததையும் பார்த்த ஊர் கடலூர். 'எங்களோடு கூட்டிப் போவோம்' என்று யோசிக்காமல் சொல்கிற வீடு நல்ல வீடு.

10. அது படுத்துப் பழகிய துணியைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். அந்த வாசனை இருந்தால் புது இடத்தில் கொஞ்சம் அடங்கும். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு என்றால், கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், இல்லையென்றால் வண்டியில் வாந்தி எடுக்கும்.

11. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்க மாட்டேன், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், தெருவில் விட மாட்டேன் என்ற மூன்றும் போதும். வளர்க்கும் பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் கிடையாது. அதனால் சட்டத்தை நம்பி இருக்க முடியாது, ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தெருநாயைத் தத்தெடுப்பவர் அதை மீண்டும் தெருவில் விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் சொல்லியிருக்கிறது.

12. கொடுத்த மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் போன் செய்யுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்ற பதில்தான் வரும். 'ராத்திரி எங்கே படுக்கிறது?' என்று கேளுங்கள். முதல் சில நாள் சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், அது வழக்கம்தான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எந்தக் காரணத்தால் முடியாமல் போனாலும், எத்தனை வருடம் கழித்தானாலும், நாயை உங்களிடமே திருப்பித் தரலாம் என்று கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். அப்படிக் கொண்டுவந்து விடுகிறவரிடம் கோபத்தைக் காட்டாதீர்கள். தெருவில் விடாமல் உங்களைத் தேடி வந்தாரே.