தாயில்லாப் பூனைக்குட்டியும் நம் பொறுப்பும்

சின்னசேலம் வட்டாரத்தில் நெல்லும் மக்காச்சோளமும் விளைகின்றன. தானியம் உள்ள வீட்டுக்கு எலி வரும். எலியைத் தேடிப் பூனையும் வரும். தாய்ப்பூனை வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டால், பரணில் கத்தும் குட்டிகளைப் பிள்ளைகள் தூக்கி வந்து நம் முன் வைப்பார்கள். அப்போது நமது கடமை என்ன?

பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண் அதனால் நரகம் புகுந்தாள் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் வருகிறது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியில் கிடைப்பதைத் தேடித் தின்ன விடவும் இல்லை. ஆக, வளர்ந்த பூனைக்கு உணவளிக்கலாம்; அல்லது அதன் போக்கில் விட்டுவிடலாம். பால் மறவாத குட்டிக்கோ இரண்டாவது வழி கிடையாது. அதற்கு இரை தேடத் தெரியாது. சந்தையில் கொண்டுபோய் விடுவது அதைச் சாகவிடுவதே ஆகும். கையில் எடுத்துவிட்டால், தானே தின்னும் வரை அது நம்மிடமுள்ள அமானிதம்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை:

1. பசும்பால் குட்டிகளுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு உண்டாகும். கால்நடை மருத்துவரிடம் கேட்டு, பூனைக்குட்டிக்கென விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கவேண்டும். குட்டியைக் குப்புற வைத்தே புகட்டவேண்டும். மல்லாத்தினால் புரையேறும்.

2. மூன்றாவது வாரத்தில் பால்பல் முளைக்கத் தொடங்கும். நான்கு வாரமானதும், வேகவைத்த கோழிக்கறியை எலும்பு நீக்கி மசித்து, அதே பாலில் கூழாகக் கரைத்து, விரல்நுனியில் தொட்டு நக்கக் கொடுக்கலாம். உப்பு, மசாலா கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு.

3. பிறகு தட்டையான தட்டில் வைத்துப் பழக்கவேண்டும். முகத்தைப் பிடித்து அழுத்தக்கூடாது. சில நாளுக்கு ஒருமுறை கூழைக் கெட்டியாக்கி, பாலைக் குறைத்து வந்தால், ஏறத்தாழ எட்டு வாரத்தில் பால் மறந்துவிடும். குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

4. பூனை இறைச்சி தின்னும் பிராணி. தயிர்சோறு மட்டும் அதற்குப் போதாது. பிரியாணி மீதியும் சமைத்த எலும்பும் ஆகாது.

5. வாரத்துக்குச் சுமார் 100 கிராம் எடை கூடவேண்டும். வயிறு கெட்டால் அவசரப்படாமல் ஒரு படி பின்வாங்கிப் பாலைக் கூட்டவேண்டும். உண்ண மறுத்துச் சோர்ந்தால் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

பூனை இருந்தால் வீடு அசுத்தமாகிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அபூகதாதா (ரலி) அவர்கள் தமது உளூவுக்கான தண்ணீரைப் பூனை குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை நஜீஸ் அல்ல, நம்மைச் சுற்றி வரும் பிராணி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் எடுத்துச் சொன்னார்கள். இது அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளது. ஆனால் அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ்தான். மணல் நிரப்பிய தட்டு ஒன்றை ஒரு மூலையில் வைத்துப் பழக்கினால் தொழும் இடம் சுத்தமாக இருக்கும். கர்ப்பிணிகள் அந்த மணலை அள்ளக்கூடாது. அதனால் தொற்றும் நோய் வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கலாம்.

வாயில்லா ஜீவனிடம் இரக்கம் காட்டவும், ஏற்ற பொறுப்பை இடையில் கைவிடாதிருக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.