முதல் வீடு யாருக்கு?



2017 மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில், மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். எத்திட்டமாயினும் எல்லோருக்கும் ஒரே நாளில் வீடு கிடைப்பதில்லை. யார் முன்னே, யார் பின்னே என்று யாராவது பட்டியல் போடவேண்டியிருக்கிறது.

இறம்பொடைப் பக்கத் தோட்டமொன்றில் மூவர் அதற்காகக் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கவனிக்கவேண்டியவை மூன்று: மண்சரிவு அபாயம், லயக் காம்பராவின் நெருக்கடி, வீட்டிலுள்ள நோயாளர். இதே வரிசையில்தான் முக்கியம் என்கிறார் முதலாமவர். நெருக்கடி, நோய், அபாயம் என்கிறார் இரண்டாமவர். நோய், அபாயம், நெருக்கடி என்கிறார் மூன்றாமவர்.

இனிக் கை உயர்த்தச் சொல்லுங்கள். அபாயமா, நெருக்கடியா? இருவர் அபாயம் என்பர். நெருக்கடியா, நோயா? இருவர் நெருக்கடி என்பர். நோயா, அபாயமா? இருவர் நோய் என்பர்! செக்குமாடுபோல் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். தனித்தனியே எவரும் முரண்படவில்லை, குழு முரண்படுகிறது. பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785இல் விளக்கிய சிக்கல் இது. இந்நிலையில், எக்கேள்வியை முதலில் கேட்பது என்று தீர்மானிப்பவர் கையில் முடிவு போய்விடும்.

இதற்கு உதவுவது, தோமஸ் சாட்டி என்னும் அறிஞர் 1970களில் வகுத்த முறை.

1. குடும்பங்களின் பெயரை எடுக்குமுன், எது எதைவிட எத்தனை மடங்கு முக்கியம் என ஒவ்வொருவரும் தனித்தாளில் எழுதவேண்டும்.

2. தாளைச் சரிபாருங்கள். அபாயம் நெருக்கடியைவிட 2 மடங்கு, நெருக்கடி நோயைவிட 3 மடங்கு என்றவர், அபாயம் நோயைவிட 6 மடங்கு என்றே சொல்லவேண்டும். 2 என்று எழுதியிருந்தால் தாளைத் திருப்பிக் கொடுங்கள், அவரே திருத்தட்டும். சிறு பிசகைப் பொறுக்கலாம்.

3. மூவரின் எண்களையும் பெருக்கிக் கனமூலம் காணுங்கள். 2, 4, 1 என்றால் பெருக்கம் 8. குழுவின் எண் 2. முரணற்ற தாள்களை இவ்வாறு சேர்த்தால் குழுவும் முரண்படாது. சமநிலை வரலாம்; வட்டம் வராது.

4. அதே எண்களால் எல்லாக் குடும்பங்களையும் அளவிடுங்கள். அபாயத்தை மட்டும் ஊகிக்கவேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேளுங்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கலாகாது.

பத்து வீடுகளுக்கான பட்டியலில் பதினோராவதாக நிற்கும் தாய், "ஏன் எனக்கில்லை?" என்று கேட்பாள். அவளிடம் காட்ட, எல்லோருக்கும் பொதுவான அந்தத் தாள் உங்களிடம் இருக்கட்டும்.