கணினிக் கணக்கும் தணிக்கைத் தடமும்

வணிக நிறுவனம் ஒன்று சரக்கு வாங்கும்போது மூன்று ஆவணங்கள் உருவாகின்றன: நிறுவனம் அனுப்பும் கொள்முதல் ஆணை, கிடங்கில் எழுதப்படும் சரக்குப் பெறுகைச் சீட்டு, விற்பவர் தரும் இடாப்பு. வந்த மூட்டைகள் தொண்ணூறாக இருக்க, இடாப்பில் நூறு என்றிருந்தால், கணினிமயக் கணக்கியல் முறை அவ்வேறுபாட்டைக் காட்டிப் பணம் வழங்குவதை நிறுத்திவைக்கும். ஆணையிட்டவரே பணம் வழங்கவும் ஒப்புதல் தர இயலாதவாறு, ஒவ்வொரு பயனருக்கும் உரிய அதிகாரத்தை வரையறுக்கும். இவை அகக் கட்டுப்பாடுகள் எனப்படும். குறிப்பேட்டிலிருந்து பேரேட்டிற்கு எடுத்தெழுதும் உழைப்பு மிச்சமாவதைவிட இதுவே பெரும்பயன்.

ஆயின், கணினி காட்டும் தொகையே தவறானால் என்ன செய்வது?

பிரிட்டன் அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் 'ஹொரைசன்' என்னும் கணக்கியல் மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. கல்லாவிலுள்ள ரொக்கத்தை எண்ணிப் பார்த்த கிளை நடத்துநர் பலருக்கு, கணினி காட்டிய தொகையைவிட அது குறைவாக இருந்தது. குறையை அவர்களே ஈடுசெய்ய வேண்டும் என்றது அஞ்சல் நிறுவனம். சேமிப்பை இழந்தோர் உண்டு. வீட்டை இழந்தோரும் உண்டு. திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காக 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. கிளை நடத்துநர் அறியாமலே, மென்பொருள் நிறுவனப் பணியாளர் தொலைவிலிருந்து கிளைக்கணக்கை மாற்ற முடிந்தது என்பதும் அத்தீர்ப்பில் தெளிவாயிற்று. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. எஞ்சியோரில் பலருக்கு 2024-இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

கையால் எழுதிய பேரேட்டில் ஓர் எண்ணை அடித்துத் திருத்தினால், அந்த அடித்தல் கண்ணில் படும். கணினியிலோ பழைய எண் சுவடின்றி மறையக்கூடும். எனவே, யார், எந்நாளில், எப்பதிவை, எவ்வாறு மாற்றினார் என்பதை மென்பொருளே குறித்துவைத்தல் வேண்டும். இக்குறிப்பே தணிக்கைத் தடம். இந்தியாவில் நிறுமங்கள் பயன்படுத்தும் கணக்கியல் மென்பொருளில் இத்தடம் இருத்தல் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அதனை நிறுத்திவைக்க இயலாதவாறு மென்பொருள் அமைய வேண்டும். அது ஆண்டு முழுவதும் இயங்கியதா என்பதைத் தணிக்கையரும் தம் அறிக்கையில் கூற வேண்டும்.

தணிக்கைத் தடம் உள்ள டேலி மென்பொருளில் பயிற்சி பெறும் மாணவர், தாம் பதிந்த சான்றுச்சீட்டு ஒன்றின் தொகையைத் திருத்திவிட்டு, அதன் திருத்தப் பதிவைத் திறந்து பார்க்கலாம். பழைய தொகையும் புதிய தொகையும், திருத்தியவரின் பயனர் பெயரும் அங்கே காணப்படும்.